பழைய பாய்மரப் படகு: போட்டிக்கும் பயணத்துக்கும் எது ஒத்துவரும்?

தூத்துக்குடிக் கடலையோ மணப்பாட்டுக் கடலையோ நம்பிப் பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்களோடு கடலில் போய்வர வேண்டும். வசதிப்பட்டால் ஓரிரவு படகிலேயே தங்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போட்டியிலும் இறங்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரே படகு, அதுவும் பழையது, கையைக் கடிக்காத விலையில். விற்க வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் படகு இரண்டுக்கும் ஆகும் என்றுதான் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. எந்தக் கடலில், எந்தக் கரையில் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவார்கள்.

கைக்கு எட்டக்கூடியவை நான்கு வகை: ஹோபி 16 போன்ற இரட்டை உடல் கரைப்படகு, ஜே 24 போன்ற 24 அடி கீல் படகு (கீல் என்பது அடியில் துடுப்புபோல் இறங்கும் கனமான பகுதி), 30 முதல் 34 அடி வரையான, அறையும் டீசல் எஞ்சினும் உள்ள படகு, நம்மூர் ஃபைபர் வள்ளத்தையே பாய்க்கு மாற்றிக்கொள்வது.

## எதை வைத்து எடை போடுவது

நிற்கும் இடம். விலையைக் கேட்பதற்கு முன் தீர்க்க வேண்டியது இதுதான். நம் கரையில் பாய்மரப் படகுக்கென்று மரீனா, அதாவது படகு கட்டும் துறை, கிடையாது. அருகில் இருப்பது கொச்சி போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் (கே.டி.டி.சி.) நடத்துவது, திருநெல்வேலியிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 300 கி.மீ. இங்கே வைத்துக்கொள்வதென்றால் இரண்டு வழிதான். ஒன்று, கரையில் இழுத்து வைப்பது. மற்றது, காங்கிரீட் கட்டி இறக்கி மிதவையில் கட்டுவது. மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு மூலை கிடைத்தாலும், விசைப்படகுகளுக்கு நடுவே மெல்லிய ஃபைபர் உடல் ஒரு பருவம்கூடத் தாங்காது. உரசும் பக்கம் எப்போதும் நம் பக்கம்தான்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். மன்னார் வளைகுடாவில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்றத்தில் படகைச் சுவரோரம் கட்டி, வற்றத்தில் அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது பெரிய ஏற்ற இறக்கம் உள்ள நாடுகளில் நடக்கும், இங்கே நடக்காது. கீல் உள்ள படகின் அடியைப் பார்க்க வேண்டுமென்றால் கிரேன், அல்லது முக்குளிப்பவர்.

காற்று. கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அதே மேல்காற்றான கச்சான்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூத்துக்குடிக் கடலிலும் இறங்குகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் தண்ணீர் தட்டையாக, பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் சுக்கான் உடைந்தாலோ பாய்மரம் விழுந்தாலோ படகு ஒதுங்குவது கரையில் அல்ல, நடுக்கடலில். அதனால் இந்த மாதங்களில் எந்தப் படகானாலும் தானாகத் திரும்பிவர மாற்று வழி வேண்டும்: எஞ்சின், துடுப்பு, துணைப்படகு, இவற்றில் ஏதாவது ஒன்று. வாடைக்காலத்தில் சிக்கல் வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி குமரிக்குத் தெற்கே உருவாகிப் புயலாக மாறிய வேகத்தில், தண்ணீரில் கட்டிய படகைக் கரையேற்ற நேரமே இருந்திருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் படகு எங்கே இருக்கும் என்பதற்கு வாங்கும் முன்பே பதில் வேண்டும்.

எதிராளி. போட்டிக்கு எதிரே படகு வேண்டும். ஒரே வகைப் படகுகள் நாலைந்தாவது சேர்ந்தால்தான் ஓட்டுபவரின் திறமை தெரியும். தூத்துக்குடியில் தனியாக நிற்கும் 32 அடிப் படகு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அது போட்டிப் படகு அல்ல. நம் பக்கத்துக்காரர் போட்டிக்குச் சென்னைக்கோ மும்பைக்கோதான் போகவேண்டியிருக்கும். படகு லாரியில் ஏறுமா என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

தங்கும் இரவு. தீவோரம் நங்கூரம் போட்டுத் தங்கலாம் என்ற கனவோடு வாங்காதீர்கள். வான்தீவு, காசுவாரி, காரியாசல்லி உட்பட மன்னார் வளைகுடாத் தீவுகள் எல்லாம் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, பவளப்பாறையில் நங்கூரம் போடவும் கூடாது. மிஞ்சுவது கரையோரப் பயணம்: தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, அதைத் தாண்டினால் சின்னமுட்டம். தூத்துக்குடி–மணப்பாடு சுமார் 25 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 5 மணி நேரம். அதே தூரத்தை எதிர்க்காற்றில் குறுக்கும் மறுக்குமாக ஓடினால் 35 மைல் ஆகும். சிறு படகுக்கு 8 மணி நேரம், நீவாடும் (கடல் நீரோட்டம்) எதிர்த்தால் இன்னும் கூடும். கிழக்கே எல்லைக்கோடும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1976 உடன்பாட்டின்படி வரைந்த இந்திய–இலங்கைக் கடல் எல்லையை ஜி.பி.எஸ். கருவியில் முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச ஆயுள். பராமரிப்புக்கு ஆண்டுக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. பழைய படகுக்கு அது ஏமாற்றும். 20 ஆண்டுப் படகு பாதி விலைக்குக் கிடைத்தாலும் அதன் புதுப் பாய் பாதி விலைக்குக் கிடைக்காது. இன்று அதே படகைப் புதிதாக வாங்கினால் என்ன விலையோ, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

## ஹோபி 16: கரையில் இழுத்து வைக்கும் படகு

ஐந்து மீட்டர் நீளம், 2.41 மீட்டர் அகலம், 145 கிலோ. நடுப்பலகையோ கீலோ கிடையாது. ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் உள்ள இரு உடல்களே பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். சுக்கான்கள் மேலே மடங்கும். முழங்கால் தண்ணீர் இருந்தால் போதும். மணப்பாட்டு மணலிலிருந்து நேராகத் தள்ளி ஏறலாம். போட்டி வகையாக உலகம் முழுக்க ஓடுகிறது. குறுக்குக் கம்பிகளைக் கழற்றினால் இரு உடல்களையும் அருகருகே அடுக்கி லாரியில் ஏற்றிவிடலாம். நடு வலையைத் திரும்ப இழுத்துக் கட்ட இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவசரப்பட்டுத் தளர்வாகக் கட்டினால் படகே நெளியும்.

பயணத்துக்கு? பகலில் போய்வரலாம். வலையில் ஒரு நீர்ப்புகாப் பையைக் கட்டலாம். அதற்குமேல் எதிர்பார்ப்பது படகுக்கும் நல்லதல்ல, வீட்டாருக்கும் நல்லதல்ல. எல்லாரும் நனைவார்கள்.

பழைய ஹோபியில் முதலில் பார்க்க வேண்டியது உடலின் மேல்தளம், முன் குறுக்குக் கம்பிக்கு முன்னால் உள்ள பகுதி. இரு ஃபைபர் படலங்களுக்கு நடுவே நுரை இருக்கும். வெயிலிலும் ஆட்டத்திலும் படலம் நுரையைவிட்டுப் பிரிந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும், காசால் தட்டினால் கணீர் என்னாமல் பொத்தென்று சத்தம் வரும். ஓர் உள்ளங்கை அளவு பிரிந்திருந்தால் துளைபோட்டு எபாக்சிப் பசை ஏற்றிச் சரிசெய்யலாம். இரு பக்கமும் ஒரு முழத்துக்கு மேல் போயிருந்தால் வேறு படகு பாருங்கள். அடுத்தது பாய்மரம். அது காற்றடைத்த குழாய்போல் மிதக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்தால் கவிழ்ந்த படகு தலைகீழாகத் திரும்பிவிடும். கவிழ்ந்ததை நிமிர்த்த ஏறக்குறைய 135 கிலோ உடல் எடை வேண்டும். மெலிந்த இருவர் மட்டும் போனால் முடியாமல் போகலாம். நீர் நிரப்பிக்கொள்ளும் நிமிர்த்துப் பை ஒன்றை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பின்காற்றில் மூக்குக் குத்தி முன்னால் கரணம் அடிப்பது இந்தப் படகின் பிறவிக்குணம். கச்சானில் ஆள்கள் பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு குறைவு: எஃகுக் கயிறுகள், வலை, சுக்கான் பூட்டுகள். கரையில் நிற்பதால் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) ஒட்டாது, அடிப் பெயின்ட் தேவையில்லை. வெயில்தான் எதிரி. கடலில் இல்லாத நேரமெல்லாம் பாய் சுருட்டி உறைக்குள் இருக்க வேண்டும்.

போட்டி முக்கால், பயணம் கால் என்றால் இதுதான் சரி. எண்டர்பிரைஸ் போன்ற ஒற்றை உடல் சிறு படகுகளும் இதே கணக்கில் வரும். எடை இன்னும் குறைவு, இந்தியக் கிளப்களில் பழையது கிடைப்பதும் எளிது. ஆனால் அவை ஏரிக்கும் துறைமுக நீருக்கும் பொருந்துபவை. உவரி அலையில் தள்ளி ஏற ஹோபிதான்.

## ஜே 24: நடுவழிப் படகு

ராட் ஜான்ஸ்டன் 1970-களின் நடுவில் வடிவமைத்தது. உலகெங்கும் ஐயாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. 7.3 மீட்டர் நீளம், 1.4 டன் எடை, அதில் 430 கிலோ கீலில். தண்ணீருக்குள் 1.22 மீட்டர் இறங்கும். இந்த 1.22-தான் நம் கரையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அலை தூக்கிப் போடுவதற்கும் சேர்த்து, தாழ்ந்த நீரிலும் 1.7 மீட்டராவது ஆழம் உள்ள இடத்தில்தான் கட்ட முடியும். புன்னைக்காயல் முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டித் தாமிரபரணிக்குள் ஒதுங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

நாலு பேர் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரத்தான் உயரம். ஓர் அடுப்பு, ஒரு வாளி, 20 லிட்டர் கேன் இரண்டு. இருவர் ஓரிரவு தங்க இது போதும். குழந்தைகளோடு இரண்டாவது இரவு என்றால் சண்டை வரும். பின்னால் 4 அல்லது 5 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், நீள ஷாஃப்ட் உள்ளதாக. குட்டை ஷாஃப்ட் அலையில் தண்ணீரைவிட்டு மேலே வந்து வெறுமனே அலறும். வேகம் 6 நாட் வரை.

போட்டிக்கு ஐந்து பேர் வேண்டும். இதை வாங்குகிறவர்கள் மறக்கும் செலவு படகில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து நாலு பேரை ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலையில் எழுப்பிக் கொண்டுவருவது எந்தப் பாயையும் ஏற்றுவதைவிடக் கடினம்.

பழைய ஜே 24-இல் பழுது எங்கே ஒளிந்திருக்கும் என்பது தெரிந்த விஷயம்.

உடலும் மேல்தளமும் பால்சா மரத்தை நடுவே வைத்துக் கட்டியவை. பக்கக் கயிறுகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், கைப்பிடிக் கம்பிகளின் அடி, கப்பிகளின் திருகுகள் ஆகிய வழிகளில் தண்ணீர் கசிந்து பால்சா ஊறி மக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் மந்தமாகும் இடத்தைச் சாக்கட்டியால் சுற்றிக் கோடிடுங்கள். கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் விலை பேசாமல் திரும்பலாம். பக்கக் கயிறுகளை உள்ளே தாங்கும் தடுப்புப்பலகையின் கீழ்மூலையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அது மக்கியிருந்தால் கயிற்றை இறுக்க இறுக்கப் பலகைதான் கிழியும்.

தொடக்ககாலப் படகுகளில் கீலுக்கு மேலுள்ள பள்ளத்தை வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள் கலந்த பிசினால் நிரப்பியிருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பள்ளத்தில் துருநிறக் கசிவோ உப்புப் படிவமோ தெரிந்தால் அதைத் தோண்டியெடுத்து நிரப்பும் வேலை காத்திருக்கிறது என்று பொருள். கீலும் உடலும் சேரும் கோட்டின் முன்பக்கத்தில் சிரித்த வாய்போல் விரிசல் இருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. பின்பக்கத்தில் உட்புறம் விரிசல் இருந்தால் படகு எங்கோ தரைதட்டியிருக்கிறது. இரண்டாவதுதான் மோசம்.

கடைசியாக, பின்தலைப் பெட்டிகளின் மூடிகள். அவை படகின் உள்ளறையோடு திறந்த தொடர்புள்ளவை. பலத்த காற்றில் படகு பக்கவாட்டில் படுத்து, பூட்டாத மூடி திறந்துகொண்டால் தண்ணீர் நேரே உள்ளே போகும். ஜே 24 மூழ்கியதற்கெல்லாம் பொதுவான காரணம் இதுதான். பூட்டு இல்லாத படகைக் கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள்.

கட்டும் செலவு: ஒரு டன் காங்கிரீட் கட்டி தண்ணீருக்குள் 580 கிலோ அளவுக்குத்தான் கனக்கும். அதனால் எடையைக் கரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சங்கிலி தேய்வது மணலைத் தொட்டுத் தொட்டு எழும் அந்த ஒரு முழத்தில்தான். ஆண்டுக்கு ஒருமுறை முக்குளித்துப் பார்க்க வேண்டும். இந்த வெதுவெதுப்பான நீரில் பெயின்ட் இல்லாத அடியில் சில வாரங்களிலேயே கொட்டலசு ஏறிவிடும். போட்டிக்கு முதல்நாள் அடியைத் துடைக்காமல் புதுப் பாய் ஏற்றுவது வீண்.

லாரியில் கொண்டுபோக ஒரு சட்டச் சிக்கல் உண்டு. படகின் அகலம் 2.71 மீட்டர், சாலை விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாய்த்து ஏற்றும் தொட்டில் அல்லது கூடுதல் அகலத்துக்கான அனுமதி, இரண்டில் ஒன்று தேவைப்படும். தூக்கும்போது கீல் போல்ட்டுகளில் மாட்டும் ஒற்றைப் பட்டை இருந்தால் ஹைட்ரா கிரேன் ஒன்றே போதும். ஆனால் கிரேன்காரர் சொல்லும் டன் கணக்கு, கை குறுகி இருக்கும்போதுள்ள கணக்கு. படகு ஐந்தாறு மீட்டர் தள்ளி மிதந்தால் அது எவ்வளவு தூக்கும் என்று கேளுங்கள்.

இதே அளவில் கீலை மேலே தூக்கிக்கொள்ளும் படகு எங்காவது கிடைத்தால், நம் கரைக்கு அதுவே மேல், போட்டியில் சற்று மெதுவாக இருந்தாலும். வாங்கும்முன் தூக்கும் கம்பியையும் சுழலும் போல்ட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

## 30–34 அடி: அறையுள்ள படகு

பெனட்டோ ஃபர்ஸ்ட், ஜானோ சன் ஃபாஸ்ட் போன்ற வரிசைகள் போட்டி, பயணம் இரண்டையும் குறிவைத்துக் கட்டப்பட்டவை. நிற்க உயரம், கழிவறை, சமையல் மூலை, டீசல் எஞ்சின், ஆறு படுக்கை. தண்ணீருக்குள் 1.5 முதல் 2 மீட்டர், எடை 3.5 முதல் 5.5 டன், வேகம் 7 நாட் பக்கம். குமரியைச் சுற்றிக் கொச்சி போவதென்றால் வீட்டாரை நம்பி ஏற்றக்கூடியது இது ஒன்றுதான்.

காகிதத்தில் எல்லாம் பொருந்தும். இங்கே வைத்துக்கொள்வதென்றால் எதுவும் பொருந்தாது. ஆழம் போதாது, பாதுகாப்பான கட்டுமிடம் இல்லை, எதிராளி இல்லை. படகு கொச்சி மரீனாவில் நிற்கும், நீங்கள் மாதம் இருமுறை அங்கே போவீர்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதை இந்த அளவில்தான் நடக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கயிறுகளைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுசாக மாற்ற வேண்டும். பல காப்பீட்டாளர்கள் அதற்குமேல் பழைய கயிற்றை ஏற்பதில்லை. வெப்பமும் உப்பும் சேர்ந்த நம் கடலில் பத்தையே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் போகாமல் செங்குத்தான கால் இறங்கும் வகையானால், அதைச் சுற்றியுள்ள பெரிய ரப்பர் வளையத்தை வால்வோ பென்டா ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அதற்கு எஞ்சினை நகர்த்த வேண்டும், படகு கரையில் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்புத் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது, ஒரு தட்டில் உடையும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்விக்கும் கடல்நீர் புகைக்குழாய் வழியே உடனே கொப்பளிக்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நீலப்புகை எண்ணெய் எரிவது; விடாத வெள்ளைப் புகை எரியாத டீசல் அல்லது நீராவி; சுமை ஏற்றும்போது கரும்புகை என்றால் பெரும்பாலும் சுழலியிலும் அடியிலும் கொட்டலசு.

தாய்லாந்தின் பூக்கெட், மலேசியாவின் லங்காவி விளம்பரங்களைப் பார்த்து விலை மலிவு என்று மயங்குகிறவர்கள் வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுங்க வரியின் மேல் ஜி.எஸ்.டி.; உல்லாசப் படகுகளுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஏற்கெனவே இந்தியாவில் வரி கட்டி நிற்கும் படகு, விலை கூடுதலாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் மலிவானது. சுங்கம் கட்டிய ரசீது இல்லாத வெளிநாட்டுப் படகை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

## ஃபைபர் வள்ளம்: நம்மூர் வழி

தருவைக்குளம், வேம்பார், புன்னைக்காயல் பக்கம் பழைய ஃபைபர் வள்ளம் கிடைப்பது எளிது. பழுது பார்க்கப் படகுத் தச்சரான ஓடாவி இருக்கிறார், அவுட்போர்டு மெக்கானிக் தெருவுக்கு ஒருவர். மணலில் ஏறும், மணலில் இறங்கும். தாராளமான இடம். பாய் கட்டிப் பயணம் போக இதைவிட மன்னிக்கும் குணமுள்ள படகு இல்லை.

குறை ஏராவில், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பில். எஞ்சினுக்கென வார்த்த வள்ளத்தில் ஏரா வெறும் விளிம்பாகத்தான் இருக்கும். பக்கக் காற்றில் பாய் விரித்தால் முன்னே போகும் அளவுக்குப் பக்கத்திலும் நழுவும். இருபுறமும் தொங்கும் பக்கப்பலகையோ, நடுவில் பெட்டிகட்டி இறக்கும் பலகையோ வேண்டும். பெட்டி கட்டுவதானால் அடியை அறுக்க வேண்டும். அனுபவம் இல்லாத கையில் விடக்கூடாத வேலை. பக்கப்பலகையே போதும். பாய்மரத்தை ஒரு குறுக்குப் பலகையில் மட்டும் நிறுத்தாமல், அடிக்கட்டை போட்டு அழுத்தத்தை மூன்று நாலு குறுக்குச் சட்டங்களுக்குப் பிரித்துவிடுங்கள். மணல் மூட்டைகளை வலைபோட்டுக் கட்டுங்கள். சாயும்போது அவிழ்ந்து சரிந்த மூட்டை படகை நிமிர விடாது. மிதப்புக்கு நுரைக்கட்டி: 100 லிட்டர் நுரை ஏறக்குறைய 100 கிலோவைத் தாங்கும். எஞ்சின், மணல், பாய்மரம் எல்லாவற்றையும் கூட்டி அதற்குமேல் அணியத்திலும் (முன்பக்கம்) பின்தலையிலும் சமமாக வையுங்கள்.

போட்டிக்கு? தொண்டிப் பக்கக் கடலோர ஊர்களில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகள் வேறொரு கலை. பாய் பெரிது, ஆட்களின் உடலே எதிர்ச்சுமை, ஆஞ்சான், தாமான் என்னும் பாய்க் கயிறுகள் பழகிய கைகளில். கிளப் போட்டியில் இந்த வள்ளத்தைச் சேர்க்க மாட்டார்கள். அந்தப் போட்டியில் கிளப்காரர் ஜெயிக்க மாட்டார்.

காகிதத்தில் கவனம் வேண்டும். மீன்வளத்துறையில் மீன்பிடிப் படகாகப் பதிவானதை அதே பதிவோடு உல்லாசத்துக்கு ஓட்டினால், கடலோரக் காவல் சோதனையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மானியத்தில் வாங்கிய எஞ்சின் உடன் வருகிறதா என்றும் கேளுங்கள்.

## பக்கத்தில் பக்கம்

| | ஹோபி 16 | ஜே 24 | 30–34 அடி | பாய் கட்டிய வள்ளம் |
|---|---|---|---|---|
| தேவையான ஆழம் | முழங்கால் | 1.7 மீ. | 2–2.5 மீ. | இடுப்பளவு |
| இங்கே வைக்க | கரை | மிதவை, அல்லது கரையில் தொட்டில் | வேண்டாம். கொச்சி | கரை |
| போட்டி ஆட்கள் | 2 | 5 | 6–8 | ஊர்ப் போட்டியைப் பொறுத்து |
| இரவு தங்கல் | இல்லை | இருவர், ஓரிரவு | குடும்பம், பல இரவு | கூரை கட்டினால் |
| மறைவுச் செலவு | பாய், வலை | பால்சா, கிரேன், ஆட்கள் | கயிறு, எஞ்சின், மரீனா வாடகை | மாற்றும் வேலை |
| திரும்ப விற்க | எளிது | வாங்குபவர் சென்னை, மும்பையில் | மெதுவாக | எளிது, பாய் இல்லாமல் |

போட்டியையும் பயணத்தையும் உண்மையிலேயே சரிபாதியாக விரும்புகிறவருக்கு ஜே 24. அதுவும் மழைக்காலத்தில் கரையேற்றி வைக்க இடமும், வாராவாரம் வரும் நாலு ஆட்களும் இருந்தால். இவை இல்லாதவர் ஹோபி ஒன்றும் வள்ளம் ஒன்றும் வாங்கிவிடலாம். இரண்டு படகு என்றால் கேட்பதற்கு ஆடம்பரமாக இருக்கும். ஒரு 32 அடிப் படகின் கயிறுகளையும் பாயையும் மாற்றும் செலவோடு வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

## பாயைப் பார்ப்பது எப்படி

இது நால்வகைக்கும் பொது. துணி நன்றாக இருந்தாலும் வெயிலில் முதலில் சாவது தையல். நகத்தால் நூலைச் சுரண்டுங்கள். பொடிந்து வந்தால் முழுப் பாயையும் மறுதையல் போட வேண்டும். பின் விளிம்பை இரு கையால் மடக்கி உதறுங்கள். காகிதம்போல் சலசலத்தால் இன்னும் உயிர் இருக்கிறது, பழந்துணிபோல் துவண்டால் போட்டிக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும். அதனால் விற்பவரிடம் இரண்டு செட் கேளுங்கள். எஃகுக் கயிறுகளின் கீழ்முனையில், நெரித்துப் பொருத்திய உலோகத்துக்குள் கயிறு நுழையும் இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். உப்புநீர் இறங்கித் தங்குவது அங்கேதான், முறிவதும் அங்கேதான். ஒரு பஞ்சுத்துண்டைக் கயிற்றின்மேல் இழுத்தால் முறிந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

கரையில் வைத்த படகை வாடைக்காலத்தில் மூடிவிட்டுப் போகாதீர்கள், வடிகால் அடைப்பான்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த மழையில் வடிகால் அடைத்த படகு தண்ணீர்த்தொட்டிதான்.

## விலை பேசும்போது

24 அடிக்கு மேல் என்றால் சர்வேயர் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அவரும் நீங்கள் கூப்பிட்டவராக இருக்கட்டும், விற்பவரின் நண்பராக வேண்டாம். பாய்களின் வயது, கயிறு மாற்றிய ஆண்டு, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, கடைசியாகக் கரையேற்றிய தேதி: இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் தெரியாதவற்றுக்கெல்லாம் புதுப்பொருளின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கச்சான் முடிந்து அக்டோபர் தொடங்கும்போது, மழைக்கு முன் படகைக் கழித்துவிட நினைப்பவர்கள் இருப்பார்கள். அப்போது பேரத்துக்கு இடம் உண்டு. பதிவு எங்கே, எந்தப் பெயரில் என்பதைத் தூத்துக்குடியில் உள்ள மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் (எம்.எம்.டி.) அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். விற்பனைப் பத்திரத்தில் படகு என்று ஒரு வரியில் முடிக்காமல், உடலின் வரிசை எண், எஞ்சின் எண், டிரெய்லர் எண், ஒவ்வொரு பாயின் பெயரும் எண்ணும், நங்கூரம், சங்கிலியின் நீளம், உயிர்காப்பு அங்கிகள், வி.எச்.எஃப். வானொலிக் கருவி என எல்லாவற்றையும் வரிசையாக எழுதி இருவரும் பக்கம்தோறும் கையெழுத்துப் போடுங்கள்.